ரிவர்ஸ் லைட்டுக்கு ஒரு ஸ்விட்ச்

பிக்கப் வண்டிக்குள் டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தலையை வைத்து மல்லாந்து படுத்திருந்தேன். என் இரண்டு காலும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பிரேக் மிதி காதோரம் இடித்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் கையை விட்டு ஒரு சின்ன ஸ்விட்சைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நான்கு மாதத்துக்கு முன் நானே ஓட்டை போட்டு மாட்டிய ஸ்விட்ச் அது.

வெளியே வண்டிக்காரன் சேகர் நின்றுகொண்டிருந்தான். படுத்திருந்த இடத்திலிருந்து அவன் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. லுங்கியை மடித்துக் கட்டுவதும் அவிழ்த்து விடுவதுமாக இருந்தான்.

"ஆச்சா நைனா?"

"இருடா."

"பத்தரைக்குள்ள வண்டிய ஸ்டேஷன்ல உடச் சொல்லிக்கீறாங்க. பிரேக் இன்ஸ்பெக்டரு மத்தியானம் வந்து பாப்பாராம்."

"இருன்னு சொல்றேன் இல்ல."

மணி ஒன்பது இருக்கும். ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. உருக்காலைப் புகையும் மழையும் சேர்ந்தால் கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடை வரும். துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி இருக்கும். அன்றைக்கு அந்த வாடை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. வண்டியின் பின்பக்கத்தைச் சேகர் சுத்தமாகக் கழுவிக்கொண்டு வந்திருந்தான். மழைக்காலத்தில் எதற்கடா வண்டியைக் கழுவினாய் என்று நான் கேட்கவில்லை.

முந்தைய நாள் காலை அந்த வண்டி பின்னால் வந்து, வசந்தா என்கிற பெண்ணின் வலது காலை ஒரு இரும்புத் தூணோடு வைத்து நசுக்கியிருந்தது. அந்தக் காலுக்கும் நான் கழற்றிக்கொண்டிருந்த ஸ்விட்சுக்கும் சம்பந்தம் உண்டு. பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்கு முன் அந்தச் சம்பந்தத்தை அறுப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை.

போன வாரம் இந்தத் தொடரில், கல்யாண ஊர்வலத்தில் ஹாரன் நிற்காமல் அடித்த காரைப் பற்றி எழுதியிருந்தேன். விழுந்து விழுந்து சிரித்ததாக ஆவடியிலிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. இந்த வாரம் அவர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

கொசுவத்தி வெளிச்சம்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் பார்க்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற ரோட்டில் கடை போட்டிருந்தேன். கடை என்றால் நாலு தகரம், ஒரு பெஞ்சு, ஒரு பேட்டரி சார்ஜர். லாரி, டெம்போ, பிக்கப், கம்பெனி பஸ் எல்லாம் என்னிடம் வரும். வேலை சுத்தம் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

புதிதாக வாங்குகிற பிக்கப்பில் ரிவர்ஸ் லைட் என்று ஒன்று இருக்கும். இருட்டில் கொசுவத்தி எரிவது போல எரியும். தார் ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு அது போதும். உருக்காலை ஷெட்டுக்குள் இரும்புக் குவியலுக்கும் தூணுக்கும் நடுவில் பின்னால் போகிறவனுக்குப் போதாது. அதனால் தொழிற்பேட்டைக்குள் ஓடுகிற வண்டிக்காரர்கள் எல்லோருமே கூடுதலாக இரண்டு லைட் மாட்டிக்கொள்வார்கள்.

சேகர் பத்து வருஷம் அடுத்தவன் வண்டியை ஓட்டியவன். லோன் போட்டுச் சொந்தமாக பிக்கப் எடுத்தபோது முதல் வாரமே என் கடைக்குக் கொண்டு வந்தான். முன்னால் மாலை வாடிக் கிடந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கிக் காய்ந்திருந்தது. கையில் இரண்டு சதுரமான எல்.இ.டி. லைட்.

"பின்னால மாட்டணும் நைனா. ரிவர்ஸ் போட்டா பகல் மாதிரி எரியணும்."

"எரியும்."

"இன்னொன்னு. ரிவர்ஸ் போட்டாத்தான் எரியணும்னு இல்ல. வண்டி சும்மா நிக்கிறப்பவும் எரியணும். முன்னால ஒரு ஸ்விட்ச் வெச்சிக் குடு."

"எதுக்குடா?"

"லோடு ஏத்தறப்ப அந்த ஷெட்டுல ஒரு இழவும் தெரியல. மேல கீற லைட்டுல முக்காவாசி புட்டுக்கிச்சி. கம்பெனிய கேட்டா கான்ட்ராக்ட்காரன் மாத்தணும்ன்றான். கான்ட்ராக்ட்காரன கேட்டா கம்பெனி மாத்தணும்ன்றான். நாங்க இன்னா, தடவிக்கினே லோடு ஏத்தறதா?"

ஆளுக்கு ஆள் கையைக் காட்டிக்கொண்டு ஒரு உருக்காலை ஷெட்டுக்குப் பல்பு மாட்டாமல் விட்டார்கள். அந்தப் பல்பை என் கையால் சேகரின் வண்டிக்குப் பின்னால் மாட்டினேன். பெரிய ஆட்கள் செய்யாமல் விட்ட வேலையைச் சின்ன ஆட்கள் குறுக்கு வழியில் செய்துகொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். அதைச் சாமர்த்தியம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

வெட்டிய வயர்

வேலை பெரிய வேலை இல்லை. ரிவர்ஸ் கியர் போட்டால் கியர் பெட்டியில் இருக்கிற ஒரு பொத்தான் அமுங்கும். உடனே பின்னால் போகிற வயரில் கரண்ட் போகும். அந்த வயர்தான் பழைய ரிவர்ஸ் லைட்டையும் எரிய வைக்கும், ‘பீம் பீம்’ என்று கத்துகிற பஸரையும் கத்த வைக்கும். அதிலிருந்து ஒரு கிளை இழுத்து, ரிலே என்கிற சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, பேட்டரியிலிருந்து நேராகப் புது லைட்டுகளுக்குக் கொடுத்தேன். ரிவர்ஸ் போட்டதும் எதிர்ச் சுவர் வெள்ளை அடித்த மாதிரி ஆயிற்று. சேகர் விசில் அடித்தான்.

அப்புறம் டாஷ்போர்டில் ஓட்டை போட்டு அவன் கேட்ட ஸ்விட்சை வைத்தேன். அதைப் போட்டேன். லைட் எரிந்தது. கூடவே பஸரும் கத்த ஆரம்பித்தது.

ஸ்விட்சிலிருந்து போகிற கரண்ட் அதே வயரில் திரும்பி ஓடிப் பஸருக்கும் போய்விடுகிறது. இதற்கு மருந்து இருக்கிறது. டயோடு என்று மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பொருள். கரண்டை ஒரு பக்கம்தான் விடும். அதை நடுவில் வைத்தால் பஸர் தன் வேலையை மட்டும் பார்க்கும். ரிவர்ஸ் போட்டால் கத்தும், சும்மா நிற்கும்போது கத்தாது. என்னிடம் அன்றைக்கு ஸ்டாக் இல்லை. பஜாருக்கு நடந்து போனால் பத்து நிமிஷம். மத்தியானம் சோற்று நேரம், நல்ல வெயில்.

"போய் வாங்கிக்கினு வந்துடறேன்" என்று நான் சொன்னேன். சொன்னேனே தவிர, பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அந்தச் சனியன் எதுக்கு நைனா?" என்றான் சேகர். "கட் பண்ணி உடு. ஷெட்டுக்குப் பக்கத்துலதான் ஆபீசு. பீம் பீம்னு கத்தினா போன்ல பேச முடியலன்னு அவனுங்களே பேஜார் பண்றானுங்க."

கட்டரை எடுத்தேன். பஸருக்குப் போகிற வயரை வெட்டினேன். வெட்டிய முனையில் டேப் சுற்றினேன். எவ்வளவு அழகாகச் சுற்றினேன் தெரியுமா? ஒரு சுருக்கம் இல்லை. வேலை சுத்தம் என்று பெயர் வாங்கியவன் அல்லவா. அப்புறம் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

ஒரு நாளைக்கு மட்டும் நல்ல பிள்ளை

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ திட்டம் போட்டுக் குற்றம் செய்தவன் என்று நினைத்துக்கொள்வீர்கள். அவ்வளவு மூளை எனக்கு இல்லை.

வண்டிகளுக்கு எஃப்.சி. என்று உண்டு. வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று அதிகாரி பார்த்துச் சான்று கொடுப்பது. எஃப்.சி.க்கு முதல் நாள் என் கடை திருவிழாதான். கலர் லைட்டைக் கழற்று, ஏர் ஹாரனைக் கழற்று, கண்ணைக் குத்துகிற முன்பக்க லைட்டைக் கழற்று என்று வரிசையில் நிற்பார்கள். கழற்றியதை எல்லாம் கடையிலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கோவில் வாசலில் செருப்பு வைக்கிற மாதிரி வண்டி நம்பரை எழுதி ஒட்டி அடுக்கி வைப்பேன். வண்டி ஒரு நாளைக்கு நல்ல பிள்ளையாகப் போய்ச் சான்று வாங்கிக்கொண்டு வரும். மறுநாள் எல்லாவற்றையும் திருப்பி மாட்டுவேன்.

அதிகாரிக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு தடவை ஒருவர், கழற்றிய லைட்டின் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு மாட்டறப்ப ஓட்டைய மூடி மாட்டச் சொல்லுப்பா, மழத்தண்ணி எறங்குது" என்று டிரைவரிடம் அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்.

பார்க்க வருகிறவர் கண்ணில் படாமல் கழற்றி வைப்பது எங்களுக்குப் பாவமே இல்லை. பஞ்சர் ஒட்டுவது போல அதுவும் ஒரு வேலை. அதனால்தான் வசந்தாவின் கால் நசுங்கிய மறுநாள் சேகர் வண்டியோடு வந்து நின்று, "இன்ஸ்பெக்டரு வராரு நைனா, அந்த ஸ்விட்ச்ச எடுத்துடு" என்றபோது என் கை தயங்கவில்லை. மனசு தயங்கியதா என்று கேட்டால், கை முந்திக்கொண்டது என்றுதான் சொல்வேன்.

வசந்தா

அவள் அந்த ஷெட்டில் பெருக்குகிற வேலை பார்த்தாள். கான்ட்ராக்ட் ஆள். புருஷன் இல்லை. ஒரே மகள் சுகன்யா, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்பதால் காலையில் என் கடையில் போனைக் கொடுத்துச் சார்ஜ் போட்டுவிட்டுப் போவாள், சாயங்காலம் வாங்கிக்கொள்வாள். சார்ஜர்கூட என் கடையில்தான் தொங்கும். அண்ணா, அண்ணா என்று கூப்பிடுவாள்.

லைட் மாட்டிப் பத்து நாள் இருக்கும். போனை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"சேகர் வண்டில லைட்டு நீ வெச்சதா அண்ணா?"

"ஆமா, இன்னா?"

"சூப்பரா கீது. அந்த வெளிச்சத்துலதான் நான் பெருக்கறேன். முன்னால எல்லாம் தகடு எது, குப்ப எதுன்னே தெரியாது. கையில வாரி வாரி எல்லாம் வெட்டு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஆறிய கீறல்கள் குறுக்கும் நெடுக்குமாக இருந்தன. எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம்கூடச் சொன்னேன்.

நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு வண்டியின் பின்னால் வெள்ளை லைட் எரிந்தால் அது பின்னால் வரப் போகிறது என்று அர்த்தம். ரோட்டில் திரிகிற நாய்க்குக்கூட அது தெரியும். அந்த ஷெட்டில் இருந்தவர்களுக்கு நான்கு மாதத்தில் நான் அதை மறக்கடித்துவிட்டேன். தினமும் வண்டி வந்து நிற்கும், வெள்ளை லைட் எரியும், அதன் வெளிச்சத்தில் லோடு ஏற்றுவார்கள், பெருக்குவார்கள். லைட் எரிகிற இடம்தான் வேலை செய்கிற இடம் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது. லைட்டைப் பார்த்து விலகிப் போக வேண்டிய ஜனங்கள் லைட்டைத் தேடி வந்து நின்றார்கள்.

அன்றைக்குக் காலை பத்து மணி, வெளியே கொட்டுகிற மழை. ஷெட்டுக்குள் மசமசவென்று இருந்திருக்கிறது. வண்டி நின்றது, லைட் எரிந்தது, வசந்தா வண்டிக்குப் பின்னால் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். குவியல் தள்ளி இருக்கிறது, இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம் என்று சேகர் ஏறி ரிவர்ஸ் போட்டான். ஏற்கெனவே எரிகிற லைட் புதிதாக என்ன எரியும்? கத்த வேண்டிய பஸரின் வயர், என் அழகான டேப்புக்குள் அடங்கிக் கிடந்தது. எஞ்சின் சத்தம் என்றால், அந்த ஷெட்டில் எப்போதும் ஆயிரம் சத்தம்.

ஜனங்கள் கத்திய பிறகுதான் சேகர் பிரேக்கை மிதித்தான். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரம்

சேகர் கெட்டவன் இல்லை. அன்று காலை வண்டியைக் கொண்டு வந்தபோது அவன் கண் இரண்டும் வீங்கியிருந்தன. இரவு முழுக்க ஆஸ்பத்திரி வாசலில் இருந்திருக்கிறான்.

"எனுக்கு லைசென்ஸ் போனா அவ்ளோதான் நைனா. ரெண்டு பொண்ணு கீது. வண்டி லோனு கீது. நான் வேணும்னா பண்ணேன்? நீயே சொல்லு."

"எனுக்கு மட்டும் இன்னாடா, நான்தான ஒயர வெட்டினது?"

"அதான் சொல்றேன். உன்னியும் சேத்துதான் இழுப்பானுங்க."

அதுவரைக்கும் அவனுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு எனக்காக வேலை செய்தேன். ஸ்விட்சை எடுத்தேன். ஓட்டையில் கறுப்பு ரப்பர் மூடி ஒன்றை வைத்து அமுக்கினேன். ஸ்விட்சிலிருந்து போன வயரை அடியோடு உருவினேன். பின்னால் போய்ப் பஸர் வயரின் டேப்பைப் பிரித்து, செம்பைச் சுரண்டி, முறுக்கி, ஈயம் வைத்து ஒட்டினேன். புது டேப் பளபளவென்று தெரியக் கூடாது என்று அதன்மேல் கிரீஸும் மண்ணும் தேய்த்தேன்.

"ரிவர்ஸ் போடு" என்றேன்.

போட்டான். இரண்டு லைட்டும் எரிந்தன. ‘பீம் பீம் பீம்’ என்று பஸர் கத்தியது. எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேகர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். தலையில் கை வைத்துக்கொண்டு, "இது நேத்து கத்தியிருந்தா…" என்று ஆரம்பித்தான். முடிக்கவில்லை. "எழுந்து போடா, பத்தாவப் போவுது" என்று விரட்டினேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தார். பிரேக் சரி, ரிவர்ஸ் லைட் சரி, கூடுதல் லைட் சரி, பஸர் சரி என்று எழுதினார். சேகர் வந்து சொன்னான்: "ஒயரிங் சுத்தமா கீதே, யாரு பண்ணதுன்னு கேட்டாரு நைனா."

இன்று வரைக்கும் யாராவது என் வேலையைப் பாராட்டினால் நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

ஞாபகம் இல்லை

அவ்வளவு பெரிய லைட் எரிந்தும், அவ்வளவு சத்தமாகப் பஸர் கத்தியும், கவனிக்காமல் வண்டிக்குப் பின்னால் போனது அந்தப் பெண்ணின் தவறு. கம்பெனியின் காகிதத்தில் இப்படித்தான் ஏறியது. ஷெட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் உண்மை தெரியும். சூப்பர்வைசர் எழுதிக் கொடுத்ததில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களும் கான்ட்ராக்ட் ஆட்கள்தான்.

தை மாதம் ஒரு நாள் ஷேர் ஆட்டோவிலிருந்து வசந்தா என் கடை வாசலில் இறங்கினாள். கக்கத்தில் கட்டை. பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பஸர் கத்துச்சின்னு எல்லாரும் எழுதிக் குடுத்துட்டாங்க அண்ணா. நான்தான் கேக்கலயாம். எனுக்குக் காது நல்லாத்தான கீது?"

நான் கையிலிருந்த ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த லைட்டு எப்பவும் எரிஞ்சிக்கினுதான இருக்கும்? அதுக்கு நீ ஸ்விட்ச் வெச்சேன்னு சேகரே அப்ப சொல்லிக்கீறான். இப்ப கேட்டா ஸ்விட்ச்சே இல்லன்றான். நஷ்டஈட்டுக் கேசு பாக்கற வக்கீலு சொல்றாரு, வெச்சவரு வந்து ஒரு வார்த்த சொன்னா போதுமாம். வெச்சேன்னு மட்டும் சொல்லுணா. வேற ஒன்னும் வேணாம்."

எங்கள் அப்பா கடம்பத்தூர்ப் பக்கம் பண்ணையில் கூலிக்கு இருந்தவர். மடையை யார் திறந்தது, மாட்டை யார் அவிழ்த்தது என்று எதைக் கேட்டாலும், "எனுக்குத் தெரியாதுங்க சாமி" என்பார். தெரிந்தாலும் அதுதான் பதில், தெரியாவிட்டாலும் அதுதான் பதில். எங்கள் வீட்டில் பரம்பரைச் சொத்து என்று வேறு எதுவும் கிடையாது. அவர் அடி வாங்காமல் இருக்க அந்த வார்த்தையைச் சொன்னார். அடிக்க யாரும் இல்லாத இடத்தில், காலை இழந்து நிற்கிற ஒருத்தியிடம் நான் அதைச் சொன்னேன்.

"எத்தினியோ வண்டி வருதும்மா. எனுக்கு ஞாபகம் இல்ல."

அவள் என்னைத் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. கட்டையைக் கக்கத்தில் சரியாக இடுக்கிக்கொண்டாள்.

"சரிணா. என் சார்ஜர் இங்கதான் கீது. அத்த எடுத்துக் குடு."

ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்து, தூசியைத் துடைத்து, வயரைச் சுற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனாள். ஷேர் ஆட்டோவில் ஏற அவளுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. நான் கடைக்குள்ளேயே நின்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு ரொம்ப நாள் சேகரின் பிள்ளைகளைக் காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன். அது பொய். எனக்குப் பயம், அவ்வளவுதான்.

வாங்க மாமா

அடுத்த வருஷமே கடையைக் காலி செய்துகொண்டு திருவள்ளூர் மணவாள நகருக்கு வந்துவிட்டேன். இங்கே மைத்துனர் கடையில் உட்கார்ந்து இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். எப்போதாவது வண்டி வேலை வந்தால், யாரும் கேட்காமலே டயோடு வைத்துத்தான் அனுப்புகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இந்தத் தொடரை எழுத ஆரம்பித்ததிலிருந்து இந்த ஒரு அத்தியாயத்தைத்தான் தள்ளிக்கொண்டே வந்தேன். போன மாதம் இரண்டு பஸ் மாறி கும்மிடிப்பூண்டி போனேன். வசந்தாவின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தேன். ரயில் பாதையை ஒட்டி, வரிசையாக இருக்கிற ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. தரையில் உட்கார்ந்து, வண்டி துடைக்க விற்கிற பனியன் துணிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். செயற்கைக் கால் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்தது. போட்டால் புண்ணாகிறதாம்.

"வாணா" என்றாள், நேற்றுத்தான் பார்த்தது போல.

நான் சுற்றி வளைக்கவில்லை. ஸ்விட்ச் வைத்ததையும் வயரை வெட்டியதையும் திரும்ப ஒட்டியதையும் சொன்னேன். எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன், எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன், பத்திரிகையிலும் எழுதுகிறேன் என்றேன். பேசும்போது அழுதேன். அவள் துணியைப் பிரித்துக்கொண்டேயிருந்தாள்.

"நீ வெச்சது எனுக்குத் தெரியாதா அண்ணா" என்றாள். "இப்ப சொல்லி இன்னா பண்றது? நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். என் தப்புதான், யார் மேலயும் குத்தம் இல்லன்னு. அதுக்குத்தான் சுகன்யாவ உள்ள எடுத்தாங்க."

"அதே கம்பெனியிலயா?"

"அதேதான். பேக்கிங் செக்‌ஷன். வர்ற சித்திரையில பர்மனென்ட் பண்றேன்னு சொல்லிக்கீறாங்க. இப்ப நீ போயி ஸ்விட்ச் இருந்துச்சின்னு நின்னா, நான் பொய்க் கையெழுத்துப் போட்டவ ஆவேன். மொதல்ல அவளத்தான் வெளிய அனுப்புவாங்க."

இத்தனை வருஷம் கழித்து உண்மையைத் தூக்கிக்கொண்டு போனால், அதை வாங்கி வைக்க அந்த வீட்டில் இடம் இல்லை.

"எழுதணும்னா எழுதிக்க" என்றாள். "எம் பேரு வேணாம், அவ பேரும் வேணாம். வண்டி கலர், ஷெட்டு எல்லாத்தையும் மாத்திக்க. அவ புக்கெல்லாம் படிக்க மாட்டா, போன்தான் பாப்பா." அவள் சொன்னபடியே பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கும் என் தப்புன்னுதான் சொல்லி வெச்சிக்கீறேன். உண்மை தெரிஞ்சா அந்த கேட்டுக்குள்ள கால் வெக்க மாட்டா. வேலக்கிப் போவணும் இல்ல? அவ எதிர்ல எதுவும் பேசிடாத."

சொல்லி வாய் மூடவில்லை, சுகன்யா வந்துவிட்டாள். முதல் ஷிஃப்ட் முடிந்து வருகிறாள். நீலச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை. நான் பார்த்தபோது பள்ளிக்கூடப் பையோடு இருந்த பெண், வளர்ந்திருந்தாள். யார் என்று வசந்தா சொன்னதும், "ரோட்டுமேல கடை வெச்சிருந்த மாமாவா? வாங்க மாமா" என்று சிரித்தாள். அடுப்பைப் பற்ற வைத்து டீ போட்டாள். எனக்கு டம்ளரைக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் துணியைப் பிரிக்க ஆரம்பித்தாள். துணிகளுக்கு நடுவில் நீட்டியிருந்த அம்மாவின் வலது காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பாருங்க மாமா, எப்பிடி புண்ணாயிக்கீது. எத்தினி வாட்டி சொன்னாலும் மருந்து போட மாட்டாங்க. எங்கம்மாவுக்கு எப்பவும் அவசரம், எதுலயும் கவனம் கெடையாது. அவ்ளோ பெரிய லைட்டு எரியுது, பீம் பீம்னு சத்தம் வேற வருது. திரும்பிப் பாக்காம பெருக்கினா வண்டிக்காரரு இன்னா பண்ணுவாரு? நீங்களே சொல்லுங்க மாமா."

வசந்தா என்னைப் பார்த்தாள்.

"ஆமாம்மா" என்றேன். "உங்கம்மா கொஞ்சம் பாத்து இருந்திருக்கலாம்."